கைச்செலவு வைக்காத கடற்கரை நகரம்

கடல் வேண்டும், கோட்டை வேண்டும், கோயில் வேண்டும், காடும் ஆறும் வேண்டும். ஆனால் மடியில் கனம் குறைவு. இப்படிப்பட்ட குடும்பஸ்தருக்குத் தமிழ்நாட்டில் கடலூரை விட்டால் வேறு புகல் இல்லை. மாமல்லபுரம் போனால் கோயிலைப் பார்க்க டிக்கெட். புதுச்சேரி போனால் சனி, ஞாயிறில் அறை வாடகையைக் கேட்ட மாத்திரத்தில் திரும்பி பஸ் ஏறத் தோன்றும். கடலூரில் அந்தத் தொல்லை கிடையாது. செலவு செய்தே தீருவேன் என்று கிளம்பி வந்தவர்கூடப் பணத்தைப் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுபோகலாம். இந்தச் சிக்கனம் ஒரே நாளில் வந்ததில்லை. பல ஆட்சிகள், பல துறைகள், பல பத்தாண்டுகள் ஒரே மனதாகச் சேர்ந்து உண்டாக்கியது. அவர்களைப் பாராட்டாமல் இருப்பது நன்றி கெட்டதனம்.

முதலில் கோட்டை. கெடிலம் ஆறு கடலைத் தேடி வரும் தேவனாம்பட்டினத்தில் செயின்ட் டேவிட் கோட்டை இருந்தது. செஞ்சியில் இருந்த மராட்டியரிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி 1690இல் அதை விலைக்கு வாங்கியது. அப்போது சென்னையில் கவர்னராக இருந்தவர் எலிஹு யேல். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயரானவர். கோட்டையோடு சேர்ந்து எவ்வளவு நிலம் என்பதைத் தீர்மானிக்கக் கம்பெனிக்காரர்கள் சங்கிலி பிடித்து அளக்கவில்லை. பெரிய பீரங்கி ஒன்றைத் திசைக்கொரு முறை சுட்டார்கள். குண்டு போய் விழுந்த தூரம் வரை அவர்களுடைய சொத்து. அப்படி வளைக்கப்பட்ட ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் விழுந்து, நெடுங்காலம் வழங்கியது. 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தபோது ராபர்ட் கிளைவ் தப்பி ஓடி வந்து சேர்ந்த இடம் இதுதான். அந்த ஆண்டு முதல் 1752 வரை தென்னிந்தியாவில் கம்பெனியின் தலைமையிடமும் இதுதான். அதாவது, சென்னை கைநழுவிப் போன நாட்களில் சென்னையின் நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஊர் கடலூர்.

இத்தனை பெருமை உள்ள கோட்டையைப் பார்க்க நீங்கள் ஒரு காசும் தர வேண்டாம். பார்க்கக் கோட்டை இருந்தால்தானே? 1758இல் லாலியின் பிரெஞ்சுப் படை அதைப் பிடித்துத் தகர்த்துவிட்டது. எஞ்சியவை சில சிதைவுகள். பஸ் நிலையத்துக்கு வெளியே ஓர் ஆட்டோக்காரரிடம் கோட்டைக்குப் போக வேண்டும் என்றேன். கொஞ்சம் யோசித்தார். "கோட்டையா? சில்வர் பீச் போற வழியில பெரியார் காலேஜ் இருக்கு சார். அதுக்கு அந்தாண்ட ஏதோ பழைய செவுரு இருக்கும்னுவாங்க. அத எதுக்குப் பாக்கணும்? வாங்க, பீச்சுல வுட்டுடறேன்" என்றார். அவர்மேல் எனக்குத் துளியும் வருத்தம் இல்லை. அந்தச் சுவரின் கதையை அவருக்குச் சொல்ல வேண்டியவர்கள் சொல்லவில்லை. அவர் அன்போடு என்னை நல்ல காற்றுள்ள இடத்தில் இறக்கிவிட்டார்.

இருபது கிலோமீட்டர் சொச்சம் வடக்கே உள்ள புதுச்சேரிக்கும் இதே கதிதான் நேர்ந்தது. கடலூரைத் தகர்த்த மூன்றாம் ஆண்டு, 1761இல், ஆங்கிலேயர்கள் புதுச்சேரியைப் பிடித்துக் கோட்டை கொத்தளங்களோடு தரைமட்டமாக்கினார்கள். அடிக்கு அடி சரியாகப் போயிற்று. ஆனால் புதுச்சேரிக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. மறுபடி கட்டினார்கள், தெருவுக்குத் தெரு பெயர்ப்பலகை வைத்தார்கள், மஞ்சள் சுண்ணாம்பு அடித்தார்கள், பழைய வீடுகளை விடுதிகளாக்கினார்கள். விளைவு, அங்கே ஒரு காபி குடிக்கும் காசில் இங்கே ஒரு குடும்பம் டிபன் சாப்பிடலாம். கடலூர் அந்த ஆசையில் விழவில்லை. இடிந்ததை இடிந்தபடியே விட்டு, ஏழைப் பயணியின் காசைக் காப்பாற்றியது.

கடலூருக்குத் தற்பெருமையும் கிடையாது. புதுச்சேரியை விட்டு வெளியே வந்த பாரதியார் 1918 நவம்பரில் கைதாகி, டிசம்பர் 14 வரை சிறையிருந்தது இங்கே. ஜெயகாந்தன் 1934இல் பிறந்தது இங்கே. ஆங்கிலேயத் தளபதி நீலின் சிலையை அகற்றக் கோரிய போராட்டத்தில் சிறை சென்ற அஞ்சலையம்மாள் கடலூர் முதுநகர்க்காரர். வேறு ஊராக இருந்தால் இந்த மூன்று பெயர்களையும் கோத்து, ஒரு நாள் நடந்து பார்க்கும்படி வழி வகுத்து, வழிகாட்டிகளுக்கும் நாலு காசு கிடைக்கச் செய்திருப்பார்கள். கடலூர் தன் பிள்ளைகளைப் பற்றி வெளியூர்க்காரர்களிடம் வாய் திறப்பதில்லை.

போக்குவரத்துச் செலவையும் நன்றாகவே குறைத்திருக்கிறார்கள். நகரப் பேருந்தில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணம் இல்லை. இது உண்மையிலேயே நல்ல காரியம். மீதி மிச்சத்துக்கு ரயில்வேக்கு நன்றி சொல்ல வேண்டும். சென்னையிலிருந்து மாமல்லபுரம், புதுச்சேரி வழியாகக் கடலூருக்குக் கடலோரமாக ஒரு ரயில் பாதை வரப்போகிறது என்று பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் பேசினார்கள், தேர்தலுக்குத் தேர்தல் வாக்குக் கொடுத்தார்கள். பாதை வரவில்லை. ஓடாத ரயிலுக்கு டிக்கெட் எடுக்க வேண்டியதில்லை.

முதுநகர் தாண்டிச் சிதம்பரம் சாலையில் போகும்போது இன்னொரு இலவசம் காத்திருக்கிறது. பச்சையாங்குப்பம், குடிகாடு பக்கம் சிப்காட் ரசாயனத் தொழிற்பேட்டை. பஸ் ஜன்னலை மூடினாலும் வாடை உள்ளே வந்து விசாரிக்கும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009இல் நாட்டிலேயே மிக மோசமாக மாசடைந்த தொழிற்பகுதிகளைப் பட்டியலிட்டபோது கடலூருக்கும் அதில் இடம் கொடுத்தது. சுற்றுலா வரைபடத்தில் கிடைக்காத அகில இந்திய இடம் இந்தப் பட்டியலில் கிடைத்தது. அதற்கும் ஐந்தாண்டுகள் முன்பே, சுற்றியுள்ள கிராமத்து மக்கள் வாளி வைத்துக் காற்று மாதிரி பிடித்தார்கள். எந்த நாள், எந்த நேரம், எந்தப் பக்கமிருந்து, எது போன்ற நாற்றம் என்று எழுதி வைத்தார்கள். படிப்பும் கருவியும் சம்பளமும் உள்ளவர்கள் செய்ய வேண்டிய வேலையை மீன் பிடிப்பவர்களும் வயல் வேலைக்காரர்களும் கூலி வாங்காமல் செய்தார்கள். பயணிக்கு இதெல்லாம் ஐந்து நிமிட முகச்சுளிப்பு. உப்பனாற்றங்கரையில் குடியிருப்பவர்களுக்கு அதுதான் மூச்சு.

சிதம்பரத்தில் இறங்கியதும் மனம் ஆறும். நடராஜர் கோயிலின் நான்கு கோபுர வாசல்களின் உட்சுவர்களிலும் நாட்டியக் கரணங்கள் நூற்றெட்டு. கிழக்குக் கோபுரத்தில் அந்தந்தக் கரணத்துக்கான நாட்டிய சாஸ்திர வரிகளையும் கிரந்த எழுத்தில் வெட்டி வைத்திருக்கிறார்கள். கல்லில் அடித்த பாடப்புத்தகம் அது. கட்டணம் இல்லை, கண் இருந்தால் போதும். நான் பார்த்துக்கொண்டிருந்த நேரம் முழுவதும் ஜனங்கள் அந்த வாசலைக் கடந்துபோய்க்கொண்டே இருந்தார்கள். நிமிர்ந்து பார்க்கச் சொல்ல அங்கே ஆளும் இல்லை. பார்வைக்குப் பிறகு பசி. தேர் வீதிகளைச் சுற்றியுள்ள சின்ன ஓட்டல்களில் இட்லிக்குக் கத்தரிக்காய் கொத்சு கேளுங்கள். நல்லெண்ணெயில் வதங்கிக் குழைந்த கத்தரிக்காயில், வறுத்து அரைத்த தனியாவும் மிளகாயும் புளியும் இறங்கியிருக்கும். சாம்பாரைவிடக் கெட்டி, துவையலைவிட இளக்கம். கோயிலில் சம்பா சாதத்தோடு நைவேத்தியமாவதும் இதுவே. இந்த ஒன்றுக்காக மட்டும் நான் வஞ்சனையில்லாமல் புகழ்கிறேன்.

சிதம்பரத்திலிருந்து பிச்சாவரம் கூப்பிடு தூரம். படகு கால்வாய்க்குள் நுழைந்ததும் சுரபுன்னையின் வேர்கள் தலைக்கு மேலிருந்து தண்ணீருக்குள் இறங்கி நிற்கும். துடுப்பு போடுபவர் தலையைக் குனியச் சொல்லுவார். 'இதயக்கனி' எடுத்த இடம் என்பதால்தான் நம்மில் பலருக்கு இது தெரியும். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோது, இந்தக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களுக்குச் சேதம் குறைவு. கடலுக்கு நேராக இருந்த எம்.ஜி.ஆர். திட்டு போன்ற ஊர்கள் பிள்ளைகளைப் பறிகொடுத்தன. அன்று காடு செய்த காவலுக்குச் சம்பளம் கேட்கவில்லை. 2022இல் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் அதற்கு இடம் வந்தது. காட்டுக்கு நாம் செலுத்தும் மரியாதை, சிப்ஸ் உறையும் தண்ணீர் பாட்டிலும். இவற்றுக்கும் காடு நம்மிடம் வாடகை வாங்குவதில்லை.

இந்த மாவட்டத்தில் செலவில்லாமல் கிடைப்பவற்றில் ஒன்று மட்டும் வேறு வகை. வடலூரில் வள்ளலார் 1867 மே 23 அன்று தருமச்சாலையைத் தொடங்கி மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. யார், எந்த ஊர், என்ன சாதி என்று கேட்காமல் இலை போடுகிறார்கள். தை ஐந்தாம் நாள் தென்பெண்ணைக் கரையில் ஆற்றுத் திருவிழாவுக்குச் சுருளிக்கிழங்கோடு கூடும் கூட்டமும், மாசி மகத்தன்று சில்வர் பீச்சில் சாமிகளோடு இறங்கும் கூட்டமும் அப்படித்தான். இங்கே இலவசம் என்பது அக்கறையால் வந்தது. கோட்டையிலும் கடலோர ரயில் பாதையிலும் சிப்காட்டிலும் இலவசம் என்பது அக்கறையின்மையால் வந்தது. மக்களுக்கு இந்த வித்தியாசம் தெரிகிறது. அதிகாரத்தில் இருப்பவர்களுக்கும் தெரிய வேண்டும்.

ஆகவே மாநகராட்சிக்கும் சுற்றுலாத் துறைக்கும் தொல்லியல் துறைக்கும் ஒரு வேண்டுகோள். கடலூர் 2021இல் மாநகராட்சி ஆகிவிட்டது. இனியும் இவ்வளவு சிக்கனம் வேண்டாம். தேவனாம்பட்டினத்தில் எஞ்சியிருக்கும் சுவரைச் சுற்றி வேலி போடுங்கள். பீரங்கி சுட்ட கதையையும் குண்டு கிராமங்களின் பெயர்களையும் தமிழில் எழுதி வையுங்கள். அந்த ஆட்டோக்காரருக்கும் அவர் தோழர்களுக்கும் ஒரு நாள் அங்கேயே வைத்துக் கதை சொல்லிக்கொடுங்கள். குடிகாட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்க வழி செய்யுங்கள். இத்தனையும் செய்துவிட்டு வாசலில் பத்து ரூபாய் டிக்கெட் போடுங்கள். வரிசையில் நின்று வாங்குகிறோம்.