விருந்தோம்பலில் வெனிஸை மிஞ்ச ஊரில்லை

ஐந்து நண்பர்கள் சேர்ந்து, கோடைக்கு ஐரோப்பாவில் ஒரே ஒரு நகரம் போதும் என்று முடிவு செய்து, எந்த நகரம் என்பதில் மட்டும் வாட்ஸ்அப் குழுவில் இழுபறியாக இருந்தால், என் வாக்கு வெனிஸுக்கு. அதுவும் ஜூலையில் போக வேண்டும். விருந்தாளி வந்தால் ஓர் அறையை ஒழித்துக் கொடுப்பவர்களைப் பார்த்திருக்கிறோம். ஊரையே ஒழித்துக் கொடுத்த பெருந்தன்மை அந்த நகரம் ஒன்றுக்குத்தான் உண்டு.

மற்ற ஊர்களின் குணம் தெரிந்தால் வெனிஸின் அருமை விளங்கும். பார்சிலோனாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2024 ஜூலையில் ஊர்வலம் போன உள்ளூர்க்காரர்கள், தெருவோர மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த பயணிகள் மேல் பொம்மைத் துப்பாக்கியால் தண்ணீர் பீய்ச்சினார்கள். பயணிகளுக்கு வாடகைக்கு விடும் பத்தாயிரத்துச் சொச்சம் வீடுகளின் உரிமத்தை 2028 நவம்பருக்குப் பிறகு நீட்டிக்கப்போவதில்லை என்று மேயரே அறிவித்துவிட்டார். பயணிகள் மொய்க்கும் பார்க் குயெல் பூங்காப் பக்கம் போகும் 116ஆம் எண் மினி பஸ்ஸில் காய்கறிப் பையோடு ஏறும் பாட்டிகளுக்கு இடம் கிடைப்பதில்லை என்று அக்கம்பக்கத்தார் முறையிட, அந்தத் தடத்தை கூகுள் வரைபடத்திலிருந்தே எடுக்கச் செய்தார்கள். ஆம்ஸ்டர்டாமோ, எல்லோரும் ஏறி நின்று படம் எடுத்த, ஊர்ப் பெயர் சொல்லும் ஆளுயர எழுத்துகளை 2018இல் அருங்காட்சியகச் சதுக்கத்திலிருந்து அப்புறப்படுத்தியது. 2023இல், குடித்துக் கும்மாளம் போட வரும் பிரிட்டிஷ் இளைஞர்களைக் குறிவைத்து ‘வராதீர்கள்’ என்றே விளம்பரம் செய்தது. குரோஷியாவின் துப்ரோவ்னிக் துறைமுகத்தில் ஒரே நேரத்தில் இரண்டு பயணக் கப்பல்களுக்கு மேல் கூடாது என்கிறார்கள். இந்த ஊர்களில் எல்லாம் உள்ளூர்க்காரர்கள் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள். சிக்கல் அங்கேதான் வருகிறது.

வெனிஸில் அந்தச் சிக்கல் ஏறக்குறையத் தீர்ந்துவிட்டது. தீவுகளின் மேல் அமைந்த அந்தப் பழைய நகரத்தில் 1951இல் ஏறத்தாழ 1,75,000 பேர் வாழ்ந்தார்கள். 2022இல் அந்தத் தொகை 50,000க்குக் கீழே இறங்கியது. ரியால்டோ பாலத்தை ஒட்டிய சான் பர்த்தொலொமியோ சதுக்கத்தில் ஒரு மருந்துக்கடை இருக்கிறது. ஊரில் இன்னும் எத்தனை பேர் மிச்சம் என்பதை 2008 முதல் அந்தக் கடையின் கண்ணாடிக்குள் ஓர் எண்பலகை காட்டிக்கொண்டிருக்கிறது. தன் தியாகத்தை இப்படித் தலைக்கணக்காக எழுதி வைத்த ஊரை வேறெங்கே பார்ப்பீர்கள்? 2009 நவம்பரில் 60,000க்குக் கீழே போனபோது, மிஞ்சியவர்கள் ஒரு சவப்பெட்டியைப் படகில் ஏற்றி, பெருங்கால்வாய் வழியாக நகராட்சி வாசல்வரை கொண்டுபோய், ஊருக்கே இறுதிச் சடங்கு நடத்தினார்கள். அன்றைக்கும் விருந்து நிற்கவில்லை. 2023 செப்டம்பரில், ஊர்க்காரர்களே எடுத்த கணக்கின்படி, பயணிகளுக்கான படுக்கைகளின் எண்ணிக்கை குடியிருப்போரின் எண்ணிக்கையைத் தாண்டியது. வந்தவருக்கு ஆளுக்கொரு படுக்கை போட்டுவிட்டுத்தான் தன் பிள்ளைகள் எங்கே படுப்பது என்று அந்த ஊர் யோசிக்கிறது.

ஊரை விட்டுப் போன அத்தனை பேரையும் பயணிகளாகிய நாமே அனுப்பிவைத்தோம் என்று பெருமைப்பட்டுக்கொள்ள முடியாது. 1966 நவம்பர் 4ஆம் தேதி கடல் 194 சென்டிமீட்டர் ஏறி வந்து தரைத்தள வீடுகளை மூழ்கடித்தது. அதற்கு முன்பிருந்தே, சுவரில் உப்பும் ஈரமும் ஏறிய வீடுகளை விட்டு, லிஃப்டும் கார் நிறுத்த இடமும் உள்ள அக்கரை மெஸ்த்ரேக்குக் குடும்பங்கள் போய்க்கொண்டிருந்தன. வேலையும் அக்கரையில் மார்கெரா தொழிற்சாலைகளில் கிடைத்தது. நாம் பிறகு வந்து சேர்ந்தோம். ஆனால் போனவர்கள் திரும்பி வரவோ, அவர்களுடைய பேரப்பிள்ளைகள் வாடகைக்கு ஒரு வீடு பிடிக்கவோ வழியில்லாமல் பார்த்துக்கொண்டதில் நம் பங்கு குறைவில்லை. ஒரு குடும்பம் மாத வாடகையாகத் தரக்கூடியதை ஐந்து நண்பர்கள் சில இரவுகளில் கொடுத்துவிடுகிறோம். வீட்டுக்காரர் யாரைத் தேர்ந்தெடுப்பார் என்பது தெரிந்ததே, அவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

தங்குவதற்கு அப்படி ஒரு வீட்டைத்தான் எடுக்க வேண்டும். ஹோட்டலில் அறை அறையாகப் பிரிந்து கிடந்தால் நண்பர்கள் சேர்ந்து போவதற்கு அர்த்தமே இல்லை. செயலியில் பணம் கட்டினால் வீடு கிடைத்துவிடும். உள்ளே போன பிறகு யாருக்கும் வணக்கம் சொல்ல வேண்டியதில்லை. நள்ளிரவில் சக்கரப் பெட்டியைப் பாலப் படிகளில் தடதடவென்று இழுத்து வந்தாலும் கேட்க ஆளில்லை, பக்கத்து வீடுகளிலும் விருந்தாளிகள்தான். மேல்மாடியில் யாராவது முதியவர் மிச்சமிருந்தால் அவர் மட்டும் விழித்துக்கொள்வார். குப்பையை வாசலில் போட்டுவிட்டுப் போகலாம் என்று நினைப்பீர்கள். அந்த ஊரில் காலையில் ஆள் வந்து, வீட்டு வாசல் மணியை அடித்துக் கையில் வாங்கிப் போவார். நீங்கள் தூங்கிக்கொண்டிருப்பீர்கள் என்பதால் அதையும் அந்த முதியவரே பார்த்துக்கொள்வார்.

இதற்கெல்லாம் கடிவாளம் போட 2022இல் இத்தாலிய நாடாளுமன்றம் வெனிஸ் ஒன்றுக்கு மட்டும் தனி அதிகாரம் கொடுத்தது. குறுகிய கால வாடகைக்கு உச்சவரம்பு விதித்துக்கொள் என்றது. நகராட்சி அதில் அவசரம் காட்டவில்லை. வந்தவரை நோகடிக்கக் கூடாது என்ற பண்பு அவ்வளவு ஊறிப்போயிருக்கிறது.

மாறாக, நகராட்சி நுழைவுச் சீட்டு போட்டது. 2024 ஏப்ரல் 25 முதல், குறிப்பிட்ட நாட்களில் பகலில் வந்துவிட்டுப் போகிறவர் 5 யூரோ கட்ட வேண்டும். அந்த ஆண்டு 29 நாட்கள், மறு ஆண்டு 54 நாட்கள். அந்த மறு ஆண்டு முதல், கடைசி நேரத்தில் முடிவு செய்தால் 10 யூரோ. இதில் நான் மனமாரப் பாராட்டுவது ஒன்று உண்டு. கட்டணம் உண்டே தவிர, எண்ணிக்கைக்கு வரம்பு கிடையாது. எத்தனை பேர் வந்தாலும் சரி, சீட்டு மட்டும் வாங்கினால் போதும். ஊரில் தங்குகிறவருக்கு அதுவும் வேண்டாம், ஒரு விலக்குப் பதிவு போதும். ஊர்க்காரர் வெளியூர் நண்பர் ஒருவரைச் சாப்பிடக் கூப்பிட்டாலும் அவர் பெயரையும் வலைத்தளத்தில் பதிந்து விலக்கு வாங்க வேண்டியிருந்தது. தன் வீட்டுக்கு வருகிறவருக்கு நகராட்சியிடம் அனுமதி கேட்பதை அவமானமாக நினைத்த சிலர், முதல் நாளன்று, பேருந்துகள் வந்து நிற்கும் பியாஸ்ஸாலே ரோமா சதுக்கத்தில் கூடிக் கூச்சல் போட்டார்கள்.

செலவைப் பற்றிக் கவலை வேண்டாம். ஷெங்கன் விசாவுக்கு ஆளுக்கு 90 யூரோ கட்டியவர்களுக்கு, பகலில் அரை மணி நேரம் கொண்டோலாவில் மிதக்கவும் அதே 90 யூரோதான், அதையும் ஐந்து பேர் பங்கிட்டுக்கொள்ளலாம். முன்பு ஆறு பேர் ஏறலாம் என்று இருந்தது. பயணிகளின் உடல் கனம் கூடிக்கொண்டே போனதால் 2020இல் ஐந்தாகக் குறைத்தார்கள். நம்முடைய எடைக்குத் தக்கபடி தன் படகுக் கணக்கையே மாற்றிக்கொண்ட ஊர் அது. கால்வாய்ப் பேருந்தான வபொரெட்டோவில் 75 நிமிடச் சீட்டு நமக்கு 9.50 யூரோ, உள்ளூர் அட்டை வைத்திருப்பவருக்கு 1.50. இந்த வித்தியாசத்தைப் பார்த்து வருந்த வேண்டாம். ஜூலையில் ஒன்றாம் எண் படகில் நாம்தான் நிறைந்திருப்போம். 1.50 கொடுத்தவர் ரியால்டோ சந்தையில் வாங்கிய மீனோடு கரையில் நிற்பார், அடுத்த படகில் வருவார்.

அந்தச் சந்தையையும் பார்த்துவிடுங்கள், மீன்கடைகள் சில இன்னும் இருக்கின்றன. கண்ணாடிப் பொருளும் முகமூடியும் விற்கும் கடைகளைத் தேட வேண்டியதில்லை, திரும்பிய பக்கமெல்லாம் அவைதான். ரியால்டோ பாலத்தருகே ஃபோன்தகோ தெய் தெதெஸ்கி என்ற பெரிய கட்டடம் நிற்கிறது. ஜெர்மன் வணிகர்கள் தங்கிச் சரக்கு வைத்த இடம், 1500களின் தொடக்கத்தில் ஒரு தீ விபத்துக்குப் பிறகு எழுப்பியது. 20ஆம் நூற்றாண்டில் அது ஊர்த் தபால் நிலையமாக இருந்தது. மணியார்டர் எடுக்க வந்தவர்கள் நம் வழியில் நிற்கக் கூடாது என்று 2008இல் அதை விற்றார்கள். 2016இல் ஆடம்பரப் பொருள் அங்காடியாகத் திறந்தார்கள். 2025இல் அங்காடியும் மூடிவிட்டது. இப்போது அங்கே கைப்பை விற்பதும் இல்லை, கடிதம் போடுவதும் இல்லை.

கனத்த விருந்தாளி என்றால் ஊர் இன்னும் உருகும். 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்களை ஊரை ஒட்டி ஓடும் ஜூதெக்கா கால்வாய்க்குள் 2021 ஆகஸ்ட் வரை விட்டார்கள். 2019 ஜூனில் அப்படி ஒரு கப்பல் கட்டுப்பாடு இழந்து கரையிலும் ஒரு சுற்றுலாப் படகிலும் மோதிய பிறகும் இரண்டு ஆண்டு பொறுத்தார்கள். 2025 ஜூனில் அமேசான் நிறுவனர் ஜெஃப் பெசோஸ் தன் திருமணக் கொண்டாட்டத்தை அங்கே வைத்துக்கொண்டபோது மேயர் மகிழ்ந்து வரவேற்றார். ஊரில் எஞ்சியிருந்த சிலர்தான் பதாகை கட்டி, கால்வாயில் குதித்து வழிமறிப்போம் என்றார்கள். கடைசி விருந்தை வேறு இடத்துக்கு மாற்ற வேண்டியதாயிற்று. 50,000க்குக் கீழே வந்த பிறகும் இத்தனை குரல் எங்கிருந்து வருகிறதோ தெரியவில்லை.

ஜூலையில் போகச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. அந்த மாதத்தின் மூன்றாம் ஞாயிறு ரெதெந்தோரே திருநாள். 1575 முதல் 1577 வரை கொள்ளைநோய் ஊரில் ஏறத்தாழ 50,000 பேரைக் கொண்டுபோனது. நோய் ஓய்ந்ததற்கு நன்றியாக, கட்டடக் கலைஞர் பல்லாதியோ வடிவமைத்த கோயிலை ஜூதெக்கா தீவில் கட்டினார்கள். ஆண்டுதோறும் அக்கரைக்குப் படகுப் பாலம் போட்டு நடந்து போய் வணங்குகிறார்கள். முந்தின இரவு குடும்பம் குடும்பமாகத் தங்கள் படகுகளில் விளக்குத் தொங்கவிட்டு, வீட்டில் சமைத்ததைச் சாப்பிட்டபடி வாணவேடிக்கைக்குக் காத்திருப்பார்கள். துடுப்புப் போடத் தெரிந்த பிள்ளைகள், அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த தாத்தாக்கள், ஒரு படகிலிருந்து இன்னொரு படகுக்குக் கைமாறும் தட்டுகள். அதைவிட அழகான காட்சி அந்த ஊரில் வேறில்லை. கரையில் முண்டியடித்து நிற்கும் நமக்கு அந்தப் படகுகள் வாணவேடிக்கைப் படத்தின் கீழோரத்தில் கறுப்புக் கறுப்பாக விழும். வேண்டுமானால் வெட்டி எடுத்துவிடலாம். கொள்ளைநோய்க்குத் தப்பியதை ஐந்தாவது நூற்றாண்டாக நினைவில் வைத்திருக்கும் அந்தக் குடும்பத்தினர், நாம் வந்துபோனதையும் மறக்க மாட்டார்கள்.

உங்கள் ஐவரில் ஒருவர் மட்டும் வேறு மாதிரி பேசலாம். நவம்பரில் போவோம், மூடுபனியில் ஊர் அதன் சொந்தக்காரர்களோடு இருக்கும் என்பார். வீடு வேண்டாம், ஹோட்டலில் அறை எடுப்போம் என்பார். இரண்டு இரவில் ஓடி வராமல் ஒரு வாரம் தங்கி, சின்ன மதுக்கடைகளில் உள்ளூர்க்காரர்களோடு நின்றபடி சிக்கெத்தி என்ற சிறு தீனி சாப்பிட்டு, நின்றுகொண்டே துடுப்புப் போடும் வெனிஸ் முறையை ஊர்ச் சங்கம் ஒன்றில் காசு கொடுத்துக் கற்றுக்கொள்வோம் என்பார். வாடகைக்குப் போகும் வீடுகளில் ஒன்றாவது ஒரு குடும்பத்துக்குக் கிடைக்கட்டும் என்றும் சொல்வார். அவர் பேச்சைக் கேட்டுவிடாதீர்கள். கேட்டால், அந்த ஊர் உங்களுக்கென்று ஒழித்து வைத்திருக்கும் வீட்டில் நீங்கள் ஐந்து பேரும் தங்க முடியாமலே போய்விடும்.