தட்டுமுட்டுச் சாமான்களும் இசைக்குழு அமைப்பும்: லிவர்பூல் சான்றுகள்

ராக் இசைக்குழுவில் யார் சேர்கிறார், யார் கழல்கிறார் என்பதை இசைஞானமே தீர்மானிப்பதாக ஒரு மூடநம்பிக்கை நெடுங்காலமாக நிலவுகிறது. யாரிடம் என்ன சாமான் இருக்கிறது, கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்ற இரண்டு மட்டுமே தீர்மானிக்கின்றன என்று இக்கட்டுரை நிறுவும். தெருக் கிரிக்கெட்டில் மட்டைக்குச் சொந்தக்காரன் முதலில் ஆடுவதைக் கண்டவர்களுக்கு நிரூபணம் வேண்டியதில்லை, ஆய்வுலகத்துக்கு வேண்டியிருக்கிறது.

1956இல் பள்ளி மாணவர் ஜான் லெனன் லிவர்பூலில் தொடங்கிய, பிற்பாடு பீட்டில்ஸ் ஆன குவாரிமென் குழுவில், காலித் தேயிலைப் பெட்டியில் கழியை நட்டுக் கயிறு கட்டினால் அது பாஸ். துணி துவைக்கும் பலகையை உரசினால் தாளம். பலகைப் பொறுப்பு பீட் ஷாட்டனிடம் இருந்தது. ஒருநாள் லெனன் அதை அவர் தலையிலேயே போட்டு உடைத்தார். பலகை போயிற்று, பதவியும் போயிற்று. (ஷாட்டன் இதில் நிம்மதி அடைந்தார் என்பது உளவியலாளர்களின் கவலை.)

1957 ஜூலை 6 அன்று தேவாலய விழாவில் லெனனும் பால் மெக்கார்ட்னியும் சந்தித்ததைப் பற்றி மற்றவர்கள் எழுதித் தள்ளிவிட்டார்கள். சாமான் எதுவும் கைமாறாத நிகழ்ச்சி என்பதால் அதைத் தவிர்க்கிறோம்.

பஸ்ஸுக்கு வருவோம். பியானோக்காரர் ஜான் லோவின் வீடு தொலைவு. கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடி ஓடி, ஒரு கட்டத்தில் வருவதையே விட்டுவிட்டார். ஆனால் 1958இல் குழு பதிவு செய்த ஒரே இசைத்தட்டு அவரிடம் தங்கிவிட்டது. 1981இல் மெக்கார்ட்னி அதை விலை கொடுத்து வாங்க வேண்டியதாயிற்று. டிரம்மர் காலின் ஹான்டன், குடிபோதையில் எழுந்த ஒரு சண்டைக்குப் பிறகு, பஸ்ஸிலிருந்து டிரம்ஸோடு இறங்கினார், திரும்பவில்லை. டிரம்ஸ் அவருடையது. குழுவில் எஞ்சியவை மூன்று கிட்டார்கள். டிரம்ஸ் எங்கே என்று கேட்டவர்களிடம், தாளம் கிட்டாருக்குள்ளேயே இருக்கிறது என்று சாதித்தார்கள்.

1960இல் ஓவியர் ஸ்டூவர்ட் சட்க்ளிஃபின் படம் ஒன்று 65 பவுண்டுக்கு விலைபோனது. பணம் வந்ததும் பாஸ் கிட்டார் வந்தது. அவர் பாஸ் கலைஞரானார். வாசிக்கத் தெரியுமா என்ற கேள்வி பிற்பாடுதான் எழுந்தது. அதே ஆண்டில் ஒரு டிரம்மர் பாட்டில் தொழிற்சாலை வேலைக்குத் திரும்பினார். அடுத்தவரைக் கட்டாய ராணுவ சேவை அழைத்துக்கொண்டது. கச்சேரிக்காக ஹாம்பர்க் போகும் அவசரத்தில் பீட் பெஸ்ட் கிடைத்தார். அவரிடம் டிரம்ஸ் இருந்தது. அம்மா மோனா பெஸ்ட்டிடம் கச்சேரி நடத்தும் நிலவறையே இருந்தது. எங்கள் கோட்பாட்டின்படி அசைக்க முடியாத ஆள்.

1962 ஆகஸ்ட் 16 அன்று அவரை நீக்கி, ரிங்கோ ஸ்டாரைச் சேர்த்தார்கள். கோட்பாடு கவிழ்ந்தது என்று அவசரப்படுபவர்கள் நீல் ஆஸ்பினாலைக் கவனிக்கவில்லை. பெஸ்ட்டின் நண்பர், அவர்கள் வீட்டிலேயே குடியிருந்தவர், குழுவைத் தம் வேனில் ஊர் ஊராகக் கொண்டுபோனவர். நண்பரை வெளியேற்றிய பிறகும் வேன் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆஸ்பினால் பிற்பாடு பீட்டில்ஸின் ஆப்பிள் நிறுவனத்துக்கே தலைவராகி, 2007 வரை அந்த நாற்காலியில் இருந்தார்.