அருந்ததிக்குக் கிழக்கே

மாசி, பங்குனி அமாவாசையை ஒட்டி ஜவ்வாது மலைக்கு வானம் பார்க்கப் போகிற கூட்டம் எதுவானாலும் அதில் இவர் ஒருவர் இருப்பார். தலையில் குரங்குக் குல்லா, கையில் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றிய டார்ச். எட்டு அங்குல டாப்சோனியன் தொலைநோக்கி, மோட்டார் கிடையாது. கிடையாது என்பதில்தான் அவருக்குப் பெருமையே.

எதையும் சட்டென்று காட்டிவிட மாட்டார். விலாசம் கேட்டவனுக்குப் பெட்டிக்கடைக்காரர் வழி சொல்வதுபோல் ஆரம்பிப்பார். "சப்தரிஷி தெரியுதா? வால் நடுவுல வசிஷ்டர், ஒட்டினாப்புல அருந்ததி. அங்கேருந்து கிழக்கே நாலு மங்கல் நட்சத்திரம் வரிசையா போகும். நாலாவதுலேருந்து கொஞ்சம் வடகிழக்கே ஒதுங்கினா எம் 101."

எம் என்பது மெஸ்ஸியே. வால்நட்சத்திரம் தேடிய அந்தப் பிரெஞ்சுக்காரர், 'இதையெல்லாம் பார்த்து ஏமாறாதே' என்று ஒதுக்கிவைத்த பட்டியல் அது. அவர் ஒதுக்கியதையெல்லாம் நம்மவர் தேடித் தேடி டிக் அடிக்கிறார்.

மூன்றாவது நட்சத்திரத்தில் வழி தப்பும். வழி பார்க்கிற குட்டித் தொலைநோக்கியான ஃபைண்டரில் பிம்பம் தலைகீழ். இடப்பக்கம் தள்ளினால் வானமும் இடப்பக்கமே ஓடும். மறுபடி வசிஷ்டர். முகத்தில் சலிப்பே இருக்காது. அந்த நேரம் பார்த்து எவனாவது செல்போனைத் திறந்தால் தீர்ந்தது. கண் இருட்டுக்குப் பழக அரை மணி நேரம் ஆகும் என்பதை அரை மணி நேரம் விளக்குவார்.

பக்கத்தில் ஒரு பையன் பொத்தானை அழுத்த, அவனுடைய தொலைநோக்கி தானே திரும்பி வரிசையாகப் பத்துப் பன்னிரண்டைக் காட்டி முடித்திருக்கும். "மோட்டார் பார்த்துது தம்பி, நீ பார்த்தியா?" என்பார்.

2023 மே மாதம் இதே எம் 101இல் ஒரு நட்சத்திரம் வெடித்தது. முதலில் கண்டவர் கோய்ச்சி இதாகாகி என்ற ஜப்பானிய அமெச்சூர். "அன்னைக்கு இங்க மேகம்" என்று இவர் சொல்கிற தொனியில், போட்டி இருவருக்குள்தான் என்று தோன்றும்.

"வந்தாச்சு!" குனிந்து பார்த்தால் கும்மிருட்டு. "நேரா பார்க்காதீங்க, ஓரக்கண்ணால பாருங்க." கிண்டல் இல்லை, மங்கலான ஒளியை விழித்திரையின் நடுவைவிடச் சுற்றுப்புறம்தான் நன்றாக உணரும். இரண்டு கோடி ஒளியாண்டுக்கு அப்பால் பரந்து கிடக்கிற கேலக்ஸிக்கு இந்த உபசாரம் தேவைதான். பகல் முகூர்த்தத்தில் அருந்ததி பார்த்துத் தலையாட்டிய சனங்கள் நாம். "ஆமா சார், தெரியுது" என்று நகர்வோம்.

விடமாட்டார். "எந்தப் பக்கம் தெரியுது?"

வரிசையில் நின்ற ஒரு பாட்டிதான் தைரியமாகச் சொன்னாள்: "ஒண்ணுமே இல்லியேப்பா."

அவர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். "நான் சரியாத்தான் வச்சேன் பாட்டி. பூமி சுத்திடுச்சு."