பூசணி நிறம் மீனுக்கு எதற்கு?

அன்புள்ள சித்தப்பா,

மண்புழுவும் தக்கையும் போதுமென்று கரையில் உட்காரும் உங்களுக்கு டெக்சாஸ் தூண்டில்காரர்கள் படும் பாடு விளங்காது. பாஸ் மீன் பிடிக்க இங்கே கடைச்சுவர் முழுக்க ரப்பர் புழுக்கள் தொங்குகின்றன. புழு ஒன்றேதான், நிறந்தான் வேறு வேறு. பச்சைப் பூசணி, தர்பூசணி, மோட்டார் ஆயில் என்று பெயர்கள். பூசணிக் கொடியையே பார்த்திராத மீனுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்டால் கோபம் வரும். (பிடித்த மீனை எடை போட்டு, படமெடுத்து, பத்திரமாகத் தண்ணீரிலேயே விட்டுவிடுகிறவர்கள் பலர், அவர்களிடம் குழம்புப் பேச்சே எடுக்கக் கூடாது.) என் கட்சி இதுதான்: அந்தச் சுவரில் பெரும்பகுதி வாங்குகிறவனுக்காக. மீனுக்கு நாலு நிறம் போதும். எந்த நாளில் எது என்பதைத் தண்ணீரைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இல்லினாய் பல்கலைக்கழகத்தார் 2018-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. பாஸின் கண்ணில் நிறம் பிரிக்கும் கூம்பு செல்கள் இரண்டே வகை, ஒன்று பச்சைக்கு, மற்றது சிவப்புக்கு. நமக்கு மூன்று. தொட்டியில் இரை கொடுத்துப் பழக்கிச் சோதித்தபோது சிவப்பையும் பச்சையையும் மீன் நன்றாகவே பிரித்தறிந்தது. ஆனால் பளீரென்ற மஞ்சள்பச்சையை வெள்ளையோடும், நீலத்தைக் கறுப்போடும் குழப்பிக்கொண்டது. அப்படியானால் 'கறுப்பு-நீலம்' என்று விற்கும் இரட்டை நிறப் புழு மீனுக்கு ஏறக்குறைய முழுக் கறுப்புதான். இதோடு தண்ணீரின் வேலையும் சேர்கிறது. தெளிந்த நீரில் சிவப்பு ஒளிதான் முதலில் மறையும். ஆழம் போகப்போகச் சிவப்புப் புழு மங்கிக் கறுத்துவிடும். மீனும் தூரத்திலிருந்தே நோட்டம் பார்த்துவிடும் என்பதால் அங்கே அடங்கிய பச்சையும் பழுப்புமே நல்லது. மழைக்குப் பின் செம்மண் கலங்கிய நீரில் கதை தலைகீழ். நீலமும் ஊதாவும் மேலேயே தடுக்கப்பட்டு, சிவப்புப் பக்கத்து ஒளிதான் கொஞ்சம் இறங்கும். பார்வை ஒரு சாண், இரு சாண்தான் எட்டும்போது நிறத்தின் நயம் எதற்கு? ஒளிக்கு எதிரே பளிச்சென்று நிழலாடும் கறுப்போ, தானே பளிச்சிடும் வெளிர்நிறமோ வேண்டும்.

தொட்டி மீன் வேறு, ஏரி மீன் வேறு என்பார்கள். வாஸ்தவம். ஆனால் ஏரிக்குப் போனதால் கண்ணில் மூன்றாவது வகை செல் முளைக்காது. ஏரி ஒளியைக் குறைக்கும், கூட்டாது. குளிர்காலக் கடைசியில் சாம் ரேபர்ன் ஏரியில் 'ரேபர்ன் ரெட்' என்ற சிவப்புக்குத்தானே மவுசு என்றும் கேட்பார்கள். அது என் பக்கத்துச் சாட்சி: அந்தப் பருவத்தில் அங்குள்ள கிராஃபிஷ், நம் இறாலுக்குத் தூரத்து உறவு, செம்மை ஏறியிருக்கும், மீனுக்கு நன்றாகத் தெரிகிற நிறமும் அதுவே. மஞ்சள்பச்சைக்கு மீன் விழுகிறதே என்றால், விழட்டும், வெள்ளைக்கும் விழும். நம்பிக்கையுள்ள நிறத்தைப் போட்டால் ஆள் சலிக்காமல் வீசுவான் என்ற வாதத்துக்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை. அது மீனைப் பற்றிய வாதமும் இல்லை.

பாஸ் எடையில் உலகச் சாதனை 1932-ல் ஜார்ஜியாவில் ஜார்ஜ் பெர்ரி பிடித்தது, பத்து கிலோவுக்குச் சற்று மேல். 2009-ல் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிதா அதைச் சமன் செய்தார். அவர் போட்டது உயிருள்ள மீன், சாயம் பூசாதது.

கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சைப் பூசணி நாலும் பார்சலில் வருகின்றன. நம்மூர் விராலின் கண்ணைப் பற்றி அந்த ஆய்வில் பேச்சில்லை. நீங்கள்தான் போட்டுப் பார்த்து எழுத வேண்டும். சித்தியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.