பால்சா விமானத்துக்கு ஒரு பதிவெண்

பால்சா கட்டையைச் சீவி, பசை தடவி, மாதக்கணக்கில் மாடல் விமானம் கட்டும் அமெரிக்கப் பெரியவர்களைப் பார்த்து அக்கம்பக்கத்தார் ஒரு காலத்தில், "இந்த வயதில் என்ன பொம்மை விளையாட்டு?" என்றுதான் கேட்பார்கள். இப்போது அந்தக் கேள்வி வழக்கொழிந்துவிட்டது. "இது ட்ரோனா? கேமரா இருக்கிறதா?" என்கிறார்கள்.

மாடல் விமானம் ஓட்டப் பழகுவது என்றால் பாதி நாள் அதை உடைக்கப் பழகுவதுதான். விமானம் நம்மை நோக்கி வரும்போது, ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளினால் அது நம் இடப்பக்கம் திரும்பும். மூளை இதை ஒப்புக்கொள்வதற்குள் எதிரே மரம் வந்துவிடும். கிளப் நண்பர்கள் ஓடிவந்து, றெக்கை ஒரு துண்டு, வால் ஒரு துண்டு என்று பொறுக்கித் தருவார்கள். முகத்தில் அனுதாபம் இருக்கும். கொஞ்சம் திருப்தியும் இருக்கும்.

2013-இல் டிஜேஐ நிறுவனத்தின் ஃபேன்டம் ட்ரோன் வந்து இந்தச் சடங்குகளை எல்லாம் ரத்து செய்தது. ஸ்டிக்கை விட்டுவிட்டால் அந்தரத்தில் அப்படியே நிற்கும். சிக்னல் அறுந்தால் புறப்பட்ட இடத்துக்குத் தானே திரும்பி வரும். வீட்டுப் பிள்ளைகளிடம்கூட இதை எதிர்பார்க்க முடியாது.

யார் வேண்டுமானாலும் ஓட்டலாம் என்றானதும், யார் யாரோ ஓட்டினார்கள். 2015 ஜனவரியில் ஒரு ட்ரோன் வெள்ளை மாளிகைப் புல்வெளியில் போய் விழுந்தது. அந்த டிசம்பரிலேயே அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம், 250 கிராமுக்கு மேல் எடையுள்ள எதுவானாலும் 5 டாலர் கட்டிப் பதிவு செய் என்றது. பால்சா விமானமும் அதில் அடக்கம். மாடல் விமானங்களுக்குப் புது விதி போடக் கூடாது என்று 2012-லேயே சட்டம் இருக்கிறதே என ஒருவர் கோர்ட்டுக்குப் போனார். 2017 மே மாதம் ஜெயித்தார். கேட்டவர்களுக்கு 5 டாலரைத் திருப்பித் தர நிர்வாகமும் முன்வந்தது. டிசம்பரில் நாடாளுமன்றம் பதிவைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டது.

பாவம், அச்சு அசல் மாடல் செய்பவர்கள். இரண்டாம் உலகப் போரின் முஸ்டாங் விமானத்தை ரிவெட் முதல் பெயின்ட் வரை பிசகாமல் செய்துவிட்டு, 2019 முதல் அதன் வெளிப்புறத்தில் அரசாங்கப் பதிவெண்ணை எழுத வேண்டியிருக்கிறது. அப்புறம் ரிமோட் ஐடி வந்தது: அங்கீகரிக்கப்பட்ட மைதானத்துக்கு வெளியே பறந்தால், விமானம் தான் இருக்கும் இடத்தை ரேடியோவில் அறிவித்துக்கொண்டே பறக்க வேண்டும்.

"ட்ரோன் வேறு, நாங்கள் வேறு" என்று பெரியவர்கள் சூடாக வாதாடுகிறார்கள். வாதத்தில் ஓர் ஓட்டை உண்டு. அவர்கள் கொண்டாடும் மேனார்ட் ஹில், பார்வை மங்கிய 77 வயதில், 2003 ஆகஸ்டில், 5 கிலோவுக்கும் குறைவான மாடல் விமானத்தை நியூஃபவுண்ட்லாந்திலிருந்து அயர்லாந்துக்கு அனுப்பினார். 38 மணி 52 நிமிடப் பயணம். வழி காட்டியது ஜிபிஎஸ், ஓட்டியது ஆட்டோபைலட். அதை யாரும் ட்ரோன் என்று சொல்லிவிட முடியாது, கிளப்பிலிருந்தே நீக்கிவிடுவார்கள்.

மாடல் பயிற்சி விமானங்களுக்குள்ளும் இப்போது தடுமாறாமல் நிலைநிறுத்தும் கைரோ கருவி புகுந்துவிட்டது. சிலவற்றில் 'பேனிக் பட்டன்' உண்டு. அழுத்தினால் விமானம் தானே நிமிர்ந்துகொள்ளும். பழைய ஆட்கள் அதைக் கண்டபடி ஏசுவார்கள். பேரனுக்கு வாங்கும்போது மட்டும், அந்தப் பட்டன் இருக்கிறதா என்று கடைக்காரரிடம் இரண்டு தரம் கேட்பார்கள்.