கத்திரிக்கு ஏற்ற இலக்கியம்

பருவத்துக்குத் தகுந்த புத்தகம் என்று ஒன்று உண்டு என நம்புகிற ஆசாமி நான். மழைக்கு ஒன்று, பனிக்கு ஒன்று, வசந்தத்துக்கு ஒன்று என்று எடுத்து வைத்துப் படிக்கும் இந்த நாகரிகம் எங்கள் குடும்பத்தில் வேறு யாருக்கும் கிடையாது. என் அப்பா வருஷம் முழுக்கப் பஞ்சாங்கம் ஒன்றைத்தான் படித்தார். எல்லாப் பருவமும் அதிலேயே இருந்ததால் அவருக்கு அது போதுமானதாக இருந்தது.

மழைக்கும் பனிக்கும் புத்தகம் எடுப்பதில் சிக்கல் இல்லை. வசந்தம்தான் படுத்துகிறது. கணக்குப்படி சித்திரையும் வைகாசியும் நமக்கு இளவேனில். தென்றல் வீசிக் குயில் கூவ வேண்டிய அந்த இரண்டு மாதத்துக்குள்தான், மே முதல் வாரம் தொடங்கி மாதக் கடைசி வரை, அக்னி நட்சத்திரமும் சப்பணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது. ஆண்டை ஆறு பருவமாகப் பிரித்த முன்னோர் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அவர்கள் யாரும் சென்னைப் புறநகரில், மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கிற வீட்டில் குடியிருந்தவர்கள் அல்ல. குயில் எங்கள் தெருவிலும் கூவுகிறது, இல்லை என்று சொல்லவில்லை. விடியற்காலை நாலரை மணிக்கு, அப்போதுதான் கண்ணசந்தவனை எழுப்பி விட்டுக் கூவுகிறது.

புத்தகத்துக்குப் பஞ்சமில்லை. 1977இல் தொடங்கிய சென்னைப் புத்தகக் காட்சி வழக்கமாகப் பொங்கலை ஒட்டி வருகிறது. ஜனவரிக் காற்றில், பத்து சதவீதத் தள்ளுபடியில், கையில் மிளகாய் பஜ்ஜியோடு நிற்கும்போது மனிதனுக்குத் தன் வாசிப்புத் திறன் மேல் அபாரமான நம்பிக்கை பிறக்கிறது. "இதெல்லாம் சித்திரைக்கு" என்று மனைவியிடம் சொல்லி வாங்கிவிடுவேன். வாங்கியது பரணுக்குப் போகும். அடுத்தடுத்த சித்திரைகளில் இறக்கிப் பார்த்தால், ராமபாணப் பூச்சி எனக்கு முன்பே ஆரம்பித்து, அட்டை வழியாகப் புகுந்து முன்னுரையைத் தாண்டிக் கதைக்குள் போயிருக்கும். அதற்குப் பருவ பேதம் கிடையாது. முன்னுரையைக்கூட விட்டுவைக்காத வாசகர் எங்கள் வீட்டில் அது ஒன்றுதான்.

ஏப்ரல் 23 உலகப் புத்தக நாள். யுனெஸ்கோ 1995இல் அறிவித்தது. சித்திரை பிறந்து பத்து நாள்கூட நெருக்கி ஆகியிருக்காது. அன்று காலை குளித்துவிட்டு, கூடத்தில் பாயை விரித்து, பரணில் இருந்து இறக்கியதை எல்லாம் பரப்பி, நடுவில் உட்கார்ந்து நான் தேர்வு நடத்துவேன். மனைவி இதைக் கொலு என்கிறாள். பால் பாக்கி வாங்க வந்தவரிடம், "உள்ளே வாங்கண்ணே, பார்த்துட்டுப் போங்க. சுண்டல்தான் கிடையாது" என்றாள் ஒருமுறை. அவரும் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து பார்த்தார்.

தேர்வுக்கு என்னிடம் கொள்கைகள் உண்டு. முதல் கொள்கை, வெயிலில் குளிர்ப் பிரதேசத்துக் கதை படிப்பது. ராஜம் கிருஷ்ணனின் 'குறிஞ்சித்தேன்' இதற்குத் தோதானது. நீலகிரி, படகர் வாழ்க்கை, மலைக்காற்று என்று மின்விசிறிக்குக் கொஞ்சம் ஒத்தாசை செய்யும். குறிஞ்சி 12 வருஷத்துக்கு ஒருமுறைதான் பூக்கும். அந்தக் கணக்கில் பார்த்தால் நான் அந்த நாவலைப் படிக்கும் வேகத்தில் யாரும் குறை சொல்ல முடியாது.

அடுத்து ரஷ்யா. அந்தக் காலத்து மாஸ்கோப் பதிப்பாக டால்ஸ்டாயின் 'புத்துயிர்ப்பு' என்னிடம் இருக்கிறது. ரா. கிருஷ்ணய்யாவின் மொழிபெயர்ப்பு. கெட்டி அட்டை, தூக்கினால் கை வலிக்கும். உலக இலக்கியத்தில் வசந்தத்துக்கென்றே எழுதிய தொடக்கம் எது என்று என்னை எழுப்பிக் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன். மனிதர்கள் நகரத்தைக் கல்லும் புகையுமாக ஆக்கி வைத்தாலும் வசந்தம் பாட்டுக்கு வருகிறது, புல் முளைக்கிறது, மனிதர்கள் மட்டும் ஒருவரை ஒருவர் ஏமாற்றுவதை நிறுத்தவில்லை என்று முதல் பக்கத்திலேயே கிழவர் பிடித்துவிடுகிறார். கதை தொடங்குவது ஏப்ரல் 28ஆம் தேதி. அந்தக் கால ரஷ்யக் காலண்டர் நம்முடையதற்கு 12 நாள் பிந்தி ஓடியது; கூட்டிப் பார்த்தால் மே 10. அசல் கத்திரி! இதைக் கண்டுபிடித்த அன்று என்னால் சும்மா இருக்க முடியாமல் ஆபீஸ் நண்பர்கள் எல்லோருக்கும் போன் செய்து சொன்னேன். ஒருவர் மட்டும், "அப்படியா சார், உடம்பைப் பார்த்துக்குங்க" என்றார்.

அந்த முதல் பக்கத்தை வருஷா வருஷம் ரசித்துப் படிக்கிறேன். தாண்டித்தான் போக முடிவதில்லை. கோட்டும் சால்வையும் ரோமத் தொப்பியுமாக ஆட்கள் வர ஆரம்பித்ததும் எனக்கு முதுகில் வேர்க்குரு கிளம்பிவிடுகிறது. பவுடரைப் போட்டுக்கொண்டு படுத்துவிடுவேன். கெட்டி அட்டைப் புத்தகத்தை மல்லாந்து படுத்துப் படிப்பதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. தூக்கம் நமக்குத்தான் வருகிறது, விழுவது டால்ஸ்டாய். மூக்கின் மேல்.

இரண்டாவது கொள்கை, பருவத்தோடு ஒத்துப்போவது. இதில் நம் ஆட்கள் ரஷ்யருக்கு ரொம்ப முந்தியவர்கள். தொல்காப்பியர் பாலைத் திணைக்கு வேனிலையும் நண்பகலையும் ஒதுக்கிக் கொடுத்திருக்கிறார். உரிப்பொருள் பிரிவு. என் மனைவியும் கத்திரி முற்றுகிற நேரம் பார்த்துத்தான் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தாய்வீட்டுக்கு ரயிலேறுகிறாள். இலக்கணப்படி எல்லாம் அமைந்துவிட்ட பிறகு குறுந்தொகையைக் கையில் எடுக்காமல் இருப்பது மரபுக்குச் செய்கிற துரோகம் அல்லவா?

எடுத்தேன். என்ன, பாட்டில் பொருள் தேடிப் போகிறவன் தலைவன், வீட்டில் காத்திருப்பவள் தலைவி. இங்கே தலைவி ஜன்னலோர சீட்டில் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருக்கிறாள். தலைவன் குக்கரில் எத்தனை விசில் என்று தெரியாமல் நிற்கிறான். பிரிவாற்றாமையில் தலைவிக்கு உடல் மெலிந்து வளையல் கழன்று விழும். எனக்கு மூன்று வேளையும் ஓட்டல் பரோட்டாவில் கழிந்ததால் பெல்ட்டில் அடுத்த ஓட்டைக்குப் போக வேண்டி வந்தது, வெளிப்பக்கமாக. சிலப்பதிகாரத்தில் வேனிற்காதை என்றே ஒன்று இருக்கிறது. வசந்தம் வந்ததும் மாதவி கோவலனுக்கு ஓலை எழுதி வசந்தமாலையிடம் கொடுத்தனுப்புகிறாள், அவன் வாங்க மறுத்துவிடுகிறான். அந்த இடத்தில் இருந்தபோது எனக்கும் வாட்ஸ்அப்பில் ஓலை வந்தது. "கேஸ் புக் பண்ணியாச்சா? செடிக்குத் தண்ணி ஊத்துங்க." மறுக்கும் துணிவு கோவலனுக்கு எப்படி வந்ததோ தெரியவில்லை. வாளியை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

தண்ணீர் என்றதும் ஞாபகம் வருகிறது. ஒரு சித்திரைக்கு அசோகமித்திரனின் 'தண்ணீர்' நாவலை எடுத்தேன். சென்னைத் தண்ணீர்ப் பஞ்சம், குடமும் கையுமாக அலையும் ஜமுனா, அடிக்க அடிக்கக் காற்று மட்டும் வரும் குழாய். என்ன பொருத்தம்! ஜமுனா தெருவில் தண்ணீருக்கு அல்லாடுகிற கட்டத்தில் நான் மெய்ம்மறந்து இருந்தபோது வெளியே ஹாரன் கேட்டது.

"ஏங்க, லாரி வந்திருக்கு. அந்த நீலக் குடத்தை எடுத்துக்கிட்டு ஓடுங்க."

"இரு, ரொம்ப முக்கியமான இடம். தண்ணிக்கு அவங்க படுற பாடு இருக்கே..."

மீதியை நான் சொல்லத் தேவையில்லை. வரிசையில் எனக்கு முன்னால் நின்ற அம்மாள், என் அக்குளில் இடுக்கியிருந்த புத்தகத்தின் தலைப்பைப் பார்த்துவிட்டு, "இதுக்குக் கூடவா டோக்கன் புஸ்தகம் போட்டுட்டாங்க?" என்று கேட்டார்.

கல்கியின் 'பொன்னியின் செல்வ'னை நான் இளவேனிலில் தொடுவதில்லை. அது ஆடிப்பெருக்கில், வீராணம் ஏரிக்கரையில் தொடங்குகிறது, ஆகவே ஆடிக்குரியது. 2004 முதல் அதே வீராணத்துத் தண்ணீர் குழாயில் சென்னைக்கு வருகிறது. வந்தியத்தேவன் குதிரையில் இருந்து பார்த்து மலைத்த ஏரியில்தான் எங்கள் ஊர் அரிசி களைகிறது என்று ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் விளக்கினேன். "அப்படின்னா அந்த வந்தியத்தேவனைக் கொஞ்சம் பிரஷரைக் கூட்டச் சொல்லுங்கப்பா" என்றாள் மகள்.

எல்லாக் கொள்கையும் தோற்ற பிறகு கைகொடுப்பது காமிக்ஸ். 1972 ஜனவரியில் முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்த இரும்புக்கை மாயாவி இன்றைக்கும் எனக்குக் கோடை விடுமுறையின் நாயகன். உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் மனிதர் மறைந்துபோவார், இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும். எங்கள் தெருவுக்கு அவர் லாயக்குப்பட மாட்டார். இங்கே சித்திரையில் மறைவது மின்சாரம்தான். மாயாவி எல்லோருக்கும் தெரிகிற மாதிரி, வியர்த்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும்.

ஊருக்குக் கிளம்புமுன் மனைவி வடாம் போட்டுவிடுவாள். அதிகாலையில் ஜவ்வரிசிக் கூழைக் கிளறி, பச்சை மிளகாய் விழுதும் எலுமிச்சையும் சேர்த்து, மொட்டை மாடியில் நனைத்துப் பிழிந்த பழைய வேட்டியில் கரண்டி கரண்டியாக ஊற்றிக்கொண்டே போவாள். என் வேலை காக்காய் ஓட்டுவது. வேட்டியின் நாலு மூலைக்கும் கனம் வைப்பதும் என் பொறுப்பே. பரணில் இருந்து இறக்கிய பருவகாலத் தேர்வுகள் நாலும் மூலைக்கு ஒன்றாகப் பொருந்தின. தண்ணீர்த் தொட்டியின் நிழலில் ஸ்டூலைப் போட்டு, கையில் கம்போடு உட்கார்ந்தேன். தென்கிழக்கு மூலையில் இருந்த டால்ஸ்டாயை மட்டும் எடுத்துக்கொண்டு, அவருடைய இடத்தில் ஒரு செங்கல்லை வைத்துவிட்டு, முதல் பக்கத்தைப் பிரித்தேன். கல்லுக்கு நடுவே புல் முளைத்தது. சுகமாக இருந்தது.

கண் விழித்தபோது மனைவி வந்து, ஓரம் காய்ந்த வடாமைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மடியில் இருந்த புத்தகத்தைப் பார்த்தாள்.

"இதுவா? இதை நான் போன வருஷமே மத்தியானத்துல படிச்சு முடிச்சேன், நீங்க தூங்கறப்ப. கடைசியில அந்தப் பொண்ணு அவனைக் கட்டிக்க மாட்டேன்னுட்டு வேற ஒருத்தரோட போயிடறா. நல்ல வேலை பண்ணினா."

"அடிப் பாவி, முடிவைச் சொல்லிட்டியே!"

"நீங்க அங்க போய்ச் சேர இன்னும் பல சித்திரை ஆகும். அதுக்குள்ள மறந்துரும். அங்க பாருங்க, காக்கா!"