காலிக் கல்லறையும் சில கேள்விகளும்

கே.எஸ்., மணப்பாறை: கிறிஸ்துமஸ் ஒழுங்காக டிசம்பர் 25-ல் வந்து நிற்கிறது. ஈஸ்டர் மட்டும் ஏன் வருஷா வருஷம் இடம் மாறுகிறது?

ஈஸ்டருக்கு நிலாவின் தயவு வேண்டும். மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வருகிற முதல் பௌர்ணமி, அதற்கடுத்த ஞாயிறு. ஆக, மார்ச் 22-க்கும் ஏப்ரல் 25-க்கும் நடுவே எங்கேயாவது விழும். 2024-ல் மார்ச் 31, 2025-ல் ஏப்ரல் 20. இதில் ஒரு கூத்து: சபை கணக்கிடும் பௌர்ணமியும் வானத்துப் பௌர்ணமியும் சில வருஷம் ஒத்துப்போகாது. வாக்கியப் பஞ்சாங்கமா திருக்கணிதமா என்கிற சண்டை நமக்கு மட்டும் சொந்தமில்லை!

ஜெ.ம., திண்டுக்கல்: தவக்காலம் 40 நாள் என்கிறார்கள். சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டருக்கு முந்தின நாள் வரை எண்ணினால் 46 வருகிறதே?

ஆறு ஞாயிறுகளைக் கழியுங்கள். ஞாயிறு கணக்கில் சேராது என்று சபை சொன்னது, வழிபாட்டுக்காக. கறிக்கடைக்காரர் அதை வேறு மாதிரிப் புரிந்துகொண்டார்.

ர.வி., கும்பகோணம்: வெள்ளி பிற்பகல் மூன்று மணிக்கு இறந்தவர், ஞாயிறு விடியலில் எழுந்தார். இரண்டு நாள்கூட முழுசாக இல்லை. 'மூன்றாம் நாள்' எப்படி?

உங்கள் தெருவில் பதினாறாம் நாள் காரியத்துக்கு எப்படி எண்ணுகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். இறந்த நாளே முதல் நாள். யூதர்களும் அப்படித்தான். வெள்ளி ஒன்று, சனி இரண்டு, ஞாயிறு மூன்று. கும்பகோணத்தில் இருந்துகொண்டு இதை என்னிடம் கேட்கலாமா?

பெயர் வேண்டாம், சென்னை-24: 'ஹேப்பி குட் ஃபிரைடே' என்று ஆபீஸ் குரூப்பில் பூங்கொத்தோடு மெசேஜ் வருகிறது. என்ன பதில் போடுவது?

'நன்றி. வாழ்த்தை ஞாயிறு வரை பத்திரமாக வைத்திருங்கள்' என்று போடுங்கள். நம் பாட்டிமார் 'பெரிய வெள்ளி' என்றே சொல்லிவைத்ததால், தமிழில் இந்த ஆபத்து இல்லை.

சு.தே., கோவை: முட்டை, முயல் எல்லாம் பைபிளில் எங்கே வருகிறது?

வரவில்லை. அந்தக் காலத்து ஐரோப்பாவில் தவக்காலத்தில் முட்டைக்கும் தடை. தடை போட்ட விஷயத்தைக் கோழிக்கு யார் சொல்வது? நாற்பது நாள் முட்டை குவிந்தது. ஈஸ்டரன்று சாயம் பூசிக் கொண்டாடித் தீர்த்தார்கள். முயல் ஜெர்மனிக்காரர்களின் சரக்கு, 17-ஆம் நூற்றாண்டிலேயே எழுத்தில் இருக்கிறது. வேதத்தில் அந்த வாரத்துக்கான பிராணி சேவல். அது கூவுவதற்குள் பேதுரு மூன்று தடவை 'அந்த ஆளை எனக்குத் தெரியாது' என்று சாதித்துவிட்டார். அதைச் சாக்லேட்டில் செய்து விற்றால், வாங்குகிறவனுக்கும் உறுத்தும்.

அ.ஃபி., நாகர்கோவில்: கல்லறை காலி என்று பெண்கள் வந்து சொன்னபோது சீடர்கள் நம்பினார்களா?

நம்பினார்களாவது! ஏதோ பிதற்றுகிறார்கள் என்று தள்ளிவிட்டதாக லூக்காவே ஒளிக்காமல் எழுதிவைத்திருக்கிறார். பெண் சொல்லும் சாட்சியத்துக்கு மதிப்புக் குறைவான காலம் அது. கதை கட்டுகிறவன் ஊர்ப் பெரிய மனுஷர் இரண்டு பேரையாவது சாட்சிக்கு நிறுத்தியிருப்பான். நான்கு நற்செய்திகளிலும் அங்கே நிற்பது மகதலா மரியாள்.

இன்னொன்றும் கேளுங்கள். பெரிய வியாழன் பாதம் கழுவும் சடங்கில் பெண்களைச் சேர்க்கலாம் என்று கத்தோலிக்க வழிபாட்டு விதியை போப் பிரான்சிஸ் மாற்றியது 2016-ல். கல்லறைக்கு முதலில் ஓடிய கால்களுக்குத் தண்ணீர் வந்து சேர இவ்வளவு நாள்!

ம.செ., ஈரோடு: உயிர்த்தெழுதலை விஞ்ஞானபூர்வமாக நிரூபிக்க முடியுமா?

முடியாது. முடிந்தால் அது எட்டாம் வகுப்புப் பாடமாகியிருக்கும், பரீட்சை முடிந்ததும் மறந்திருப்போம். இந்த விஷயத்தில் பவுலின் நேர்மை எனக்குப் பிடிக்கும். கிறிஸ்து எழவில்லை என்றால் எங்கள் பிரசங்கமும் வீண், உங்கள் விசுவாசமும் வீண் என்கிற அர்த்தத்தில் கொரிந்தியருக்குக் கடிதமே போட்டுவிட்டார். சரக்கு போலி என்றால் கடையைச் சாத்திவிடலாம் என்று முதலாளியே போர்டு மாட்டுவது லேசில்லை.

இறை.ப., மதுரை: மாற்கு நற்செய்தியின் முடிவில் ஏதோ வில்லங்கம் என்கிறார்களே?

இருக்கிறது. 4-ஆம் நூற்றாண்டின் சினாய், வத்திக்கான் ஏடுகள் இரண்டிலும் மாற்கு 16-ஆம் அதிகாரம் 8-ஆம் வசனத்தோடு சரி. பெண்கள் நடுநடுங்கி ஓடுகிறார்கள், பயத்தில் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை, முற்றும். மீதிப் பன்னிரண்டு வசனம் பிற்பாடு சேர்ந்தது என்பது பெரும்பாலான ஆய்வாளர்கள் கருத்து. அவர்கள் கடைசிவரை வாயே திறக்காமல் இருந்திருந்தால் இந்தப் பக்கத்துக்கு இந்த வாரம் விளம்பரம்தான் போட்டிருப்போம்.

பீ.ஜா., ஆலந்தூர்: சந்தேகப் பேர்வழி தோமாவைப் போய் நம் ஊருக்கு அனுப்பினார்களே?

பாதி விலையில் பேரம் ஆரம்பிக்கிற ஊருக்கு வேறு யாரை அனுப்புவது? கி.பி. 52-ல் மலபார்க் கரையில் இறங்கினார், மயிலாப்பூர் வந்தார், உங்கள் வீட்டு மொட்டைமாடியிலிருந்து தெரிகிற பரங்கிமலையில் உயிர்விட்டார் என்பது மரபு. கல்லறை இருந்ததாகச் சொல்லும் இடத்தில்தான் சாந்தோம் பேராலயம். 'மரபு' என்று ஜாக்கிரதையாகத்தான் எழுதுகிறேன். ஆதாரம் கேட்டு தோமாவே வந்து நிற்பார்.

மனிதர் கேட்டதைக் கவனித்தீர்களா? தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் இருக்கிறதா என்று கேட்கவில்லை. ஆணி அடித்த இடத்தில் விரலை வைக்க வேண்டும் என்றார். உயிர்த்த உடம்பிலும் தழும்பு அப்படியே இருந்தது. கத்தோலிக்கக் கோயில்களில் ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு, ஒவ்வொரு வருஷமும் இந்த வாசகம்தான்.

ஒரு தாய், மட்டக்களப்பு: 2019-க்குப் பிறகு ஈஸ்டர் என்றாலே வயிற்றைப் பிசைகிறது. நம்பிக்கை என்று பிள்ளைகளுக்கு எதைச் சொல்ல?

இதற்கு என்னிடம் வேடிக்கைப் பதில் கிடையாது, அம்மா. அந்த ஏப்ரல் 21 காலையில் கொச்சிக்கடை அந்தோனியார், கட்டுவாப்பிட்டி செபஸ்தியார், உங்கள் ஊர் சீயோன் கோயில்கள், கொழும்பு ஹோட்டல்கள் என்று வரிசையாகக் குண்டு வெடித்தது. போனது 250 உயிர்களுக்கு மேல். சீயோனில் ஞாயிறு பாடசாலை முடிந்து வெளியே வந்த பிள்ளைகளும் அதில் உண்டு.

கட்டுவாப்பிட்டிக் கோயிலில் உயிர்த்த கிறிஸ்து சிலைமேல் இரத்தம் தெறித்தது. அதைக் கழுவி வெள்ளை பூசாமல் அப்படியே பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளை ஒரு நாள் கூட்டிப் போய்க் காட்டுங்கள்.

லூ.ரா., வேளாங்கண்ணி: ஈஸ்டர் ஒரு நாள்தானே?

ஐம்பது நாள், பெந்தெகொஸ்தே வரை. தவம் நாற்பது, கொண்டாட்டம் ஐம்பது. அப்படியும் நம்மவர்கள் திங்கட்கிழமையே பழைய மூஞ்சியை மாட்டிக்கொண்டு வந்துவிடுகிறார்கள்.

ச.அ., தூத்துக்குடி: பாஸ்கா இரவில் மெழுகு கையில் வடிகிறது. வழி?

பேப்பர் கப் அடியில் ஓட்டை போட்டு மெழுகுதிரியைச் செருகுங்கள். அதோடு, எரிகிற திரியை நேராகவே பிடியுங்கள். அணைந்திருக்கிற திரியைச் சாய்த்துப் பற்றவைக்க வேண்டும். நாம் தலைகீழாகச் செய்கிறோம், சுட்டுக்கொள்கிறோம். விளக்கெல்லாம் அணைத்த இருட்டில், பேச்சுவார்த்தை இல்லாத பங்காளி பக்கத்தில் நின்றால்? திரி அணைந்தவர் யாரோ அவர் சாய வேண்டியதுதான். காற்று பலமாக அடித்தால் அடுத்த நிமிஷம் உங்கள் முறை!

தெ.மே., புதுச்சேரி: போன வருஷக் குருத்தோலைச் சிலுவை மாதா படத்துக்குப் பின்னால் காய்ந்து தூசி படிந்து கிடக்கிறது. குப்பையில் போடலாமா?

போடாதீர்கள். கோயிலில் கொடுத்தால் எரித்து, அடுத்த சாம்பல் புதனன்று உங்கள் நெற்றியிலேயே பூசிவிடுவார்கள். முந்தின ஞாயிறே கொண்டுபோய்ச் சேருங்கள். புதன்கிழமை காலையில் ஓலையும் கையுமாக ஓடினால் சாமியார் என்ன செய்வார், பாவம்!